12டி படிவத்தில் அக்காவிடம் கையெழுத்து வாங்கலாமா, பூத்துக்கே கூட்டிப் போகலாமா?

மலையடிவாரம் | 18 மார்ச் 2024

வணக்கம். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, நாள் குறைவாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாங்கள் திண்டுக்கல் மாவட்டம். வீட்டில் அப்பா, அக்கா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அக்காவுக்கு 46 வயது, தசைச் சிதைவு நோய். இருபது வயதில் மாடிப்படி ஏறத் தடுமாறியதில் ஆரம்பித்தது. சக்கர நாற்காலிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் ஊனம் 80 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு 84. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, ஆனால் பிடித்துக்கொண்டு நடப்பார்.

சனிக்கிழமை தேர்தல் தேதி சொன்னார்கள், ஏப்ரல் 19 என்று. மறுநாளே எங்கள் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கு வந்துவிட்டார். ஊர் அங்கன்வாடி டீச்சர்தான் அவர், என் மகளுக்குச் சோறு ஊட்டியவர். கையில் 12டி படிவம். "அக்காவுக்கு வீட்டிலேயே வந்து ஓட்டு வாங்கிக்குவாங்க. கையெழுத்துப் போட்டு, அட்டை நகலை வச்சுக் கொடுங்க. அறிவிக்கை 20ஆம் தேதி வருது, அதிலிருந்து அஞ்சு நாள்" என்றார். அதாவது 25க்குள். அதையொட்டிப் பங்குனி உத்திரம், பழனிக்குப் போகிற கூட்டத்தில் எங்கள் ரோட்டில் பஸ்கூட நகராது. அதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும்.

அப்பாவுக்கும் ஒரு படிவம் கேட்டேன். இந்த மாதம் ஒன்றாம் தேதிதான் விதியைத் திருத்தி, 80 வயது என்று இருந்ததை 85 ஆக்கிவிட்டார்கள் என்றார். 2021இல் அப்பாவுக்கு 81. அப்போது படிவம் வீடு தேடி வந்தது, அக்காவுக்கும் சேர்த்து. "தபால் ஓட்டை எவன் எண்ணப் போறான்" என்று இரண்டையும் திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

பூத் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். சாய்தளம் இருக்கிறது. ஆனால் அது தொடங்குகிற இடத்தில் மணல் கொட்டிக் கிடக்கும், சக்கரம் புதைந்துவிடும். 2019இல் நானும் ஒரு போலீஸ்காரரும் நாற்காலியோடு தூக்கி வைத்தோம். அத்தோடு முடியவில்லை. அக்காவால் தோளிலிருந்து கையைத் தூக்க முடியாது. மிஷின் வைத்திருக்கும் மேஜை சக்கர நாற்காலிக்கு உயரம். பட்டன் எட்டவில்லை. தலைமை அலுவலர் என்னைத் துணையாளாகப் போகச் சொன்னார். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்கா சொன்ன பட்டனை நான் அமுக்கினேன். 2021இலும் அதே கதைதான்.

வெயில், மணல், தூக்கல் எதுவும் வேண்டாம், வீட்டிலேயே முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். மனைவியும் அதையே சொல்கிறாள். அப்பா மட்டும் இன்னும் பழைய பாட்டுத்தான் பாடுகிறார். தபால் ஓட்டை உண்மையிலேயே எண்ணுகிறார்களா? 12டி கொடுத்துவிட்டு அப்புறம் மனம் மாறினால் பூத்துக்குப் போகலாமா? வீட்டுக்கு வருகிறவர்கள் யார் யார்? ஊரில் எல்லாக் கட்சிக்காரர்களும் தெரிந்தவர்கள், அவர்களும் கூடவே வந்து நிற்பார்களா?

---

கரும்பலகை | 18 மார்ச் 2024

நான் பள்ளி ஆசிரியர். 2021இல் வீடு வீடாகப் போய் ஓட்டு வாங்கிய குழுவில் வேலை பார்த்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

12டி கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் வழக்கம்போலப் பூத். ஆனால் கொடுத்து, அதைத் தேர்தல் நடத்தும் அலுவலர் ஏற்றுக்கொண்டால், வாக்காளர் பட்டியலில் அக்கா பெயருக்கு நேரே 'பி.பி.' என்று குறித்துவிடுவார்கள். தபால் ஓட்டு என்று பொருள். அதற்கப்புறம் 19ஆம் தேதி பூத்துக்குப் போனாலும் மிஷினில் போட முடியாது. எனவே யோசிப்பதை எல்லாம் கையெழுத்துக்கு முன்னாலேயே யோசித்துவிடுங்கள்.

வேட்பாளர் இறுதிப் பட்டியல் வந்து, சீட்டு அச்சான பிறகு, எந்த நாளில் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். எங்கள் குழுவில் அலுவலர்கள் இரண்டு பேர், ஒரு காவலர், வீடியோ எடுக்க ஒருவர். வந்த அன்று ஆள் இல்லை என்றால் இன்னொரு முறை வருவார்கள். அன்றும் இல்லை என்றால் அவ்வளவுதான், மூன்றாவது முறை கிடையாது. யார் யார் வீட்டுக்குப் போகிறோம் என்கிற விவரம் வேட்பாளர்களுக்குப் போகும், அவர்கள் ஆள் அனுப்பலாம். முறைகேடு நடக்காமல் பார்ப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. அவர்கள் வந்து நிற்கலாம், சீட்டைப் பார்க்கக் கூடாது. வீடியோவும் அப்படித்தான்: நாங்கள் வந்தது, கவர் ஒட்டியது எல்லாம் பதிவாகும், குறிக்கிற இடம் மட்டும் பதிவாகக் கூடாது. மறைப்பதற்கு அட்டை கொண்டு வருவார்கள். உண்மையில் எங்களுக்குப் பெரும் பாடு கட்சிக்காரர்களால் இல்லை, வீட்டு மனிதர்களால்தான். பாட்டி சீட்டைக் கையில் வாங்குவதற்குள் மருமகனும் பேரனும் இரண்டு பக்கமும் குனிந்து நிற்பார்கள். "கொஞ்சம் வெளியே இருங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது.

இனி அப்பாவின் சந்தேகம். எண்ணுகிறார்கள். எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்கு முதலில் எடுப்பதே தபால் ஓட்டைத்தான். ஆனால் செல்லாமல் போவதும் இதில் அதிகம், அதற்குக் காரணம் கவர்கள். சீட்டு 13பி என்ற சின்னக் கவருக்குள் போகும். 13ஏ என்கிற உறுதிமொழித் தாள் அந்தச் சின்னக் கவருக்குள் போகக் கூடாது, வெளியே தனியாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து 13சி என்ற பெரிய கவரில் வைத்து ஒட்ட வேண்டும். சீட்டில் உள்ள வரிசை எண்ணும் 13ஏ, 13பி இரண்டிலும் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அலுவலர் பார்த்துக்கொள்வார்தான். இருந்தாலும் அவசரத்தில் எங்களுக்கும் கை தவறும். எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

தபால் ஓட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பாவுக்கு ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியைச் சொல்லுங்கள். 2016இல் அங்கே வெற்றி வித்தியாசமே 49 ஓட்டு. 203 தபால் ஓட்டைத் தள்ளுபடி செய்திருந்தார்கள், உறுதிமொழியில் சான்றொப்பம் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்கிற சிக்கலில். 2019இல் உயர் நீதிமன்றம் அவற்றைத் திரும்ப எண்ணச் சொன்னது. அந்த ஓட்டுகள் தேர்தல் வேலை பார்த்த எங்களைப் போன்றவர்கள் போட்டவை. வீட்டு ஓட்டில் வருகிற அலுவலரே சான்றொப்பம் இட்டுவிடுவார், அந்தச் சிக்கல் வராது.

அப்பாவுக்கு 40 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் இருந்தால் அந்தக் கணக்கில் 12டி கொடுக்கலாம். இல்லையென்றால் பூத்துக்குத்தான் வர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் சக்ஷம் செயலியிலோ 1950 உதவி எண்ணுக்குப் போன் செய்தோ சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லி வைக்கலாம். வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

---

வெண்கோல் | 19 மார்ச் 2024

தம்பி, உங்கள் பதிவைத் திரைவாசிப்பான் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டியது. அப்பா என்ன நினைக்கிறார், உங்கள் மனைவி என்ன நினைக்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எல்லாம் அதில் இருக்கிறது. அக்கா என்ன சொல்கிறார் என்று எங்கேயும் இல்லை. ஓட்டு அவருடையது. முதலில் அவரிடம் கேளுங்கள்.

நான் பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவள். வயது 61. அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். கரூர்க்காரி. நான் சொல்லப் போவது உங்கள் அக்காவுக்குப் பொருந்துமா என்று தெரியாது, ஆனால் கையெழுத்துப் போடும் முன்பு அவர் இதைக் கேட்டிருப்பது நல்லது.

அப்போதெல்லாம் 21 வயது ஆனால்தான் ஓட்டு. எனக்கு முதல் ஓட்டு 1984 டிசம்பரில், சட்டமன்றமும் நாடாளுமன்றமும் சேர்ந்து வந்த தேர்தல். இரண்டு சீட்டு. அப்பா என் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நான் காதோடு சொன்னேன், அவர் முத்திரை குத்தினார். அப்பா ஒரு கட்சியில் உயிரையே வைத்திருந்தவர். நான் சொன்னது வேறு கட்சி. அவர் நான் சொன்னதில்தான் குத்தினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மேல் எனக்குச் சந்தேகம் என்று அர்த்தம் இல்லை. தெரியாது, அவ்வளவுதான். தெரிந்துகொள்ள வழி இல்லை. அவர் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு அப்புறம் தம்பி குத்தினான்.

2011இல்தான் நானே போட்டேன். மிஷினில் ஒவ்வொரு நீலப் பட்டனுக்குப் பக்கத்திலும் பிரெயில் எண் இருக்கும். தலைமை அலுவலரிடம் கேட்டால் வேட்பாளர் வரிசையைப் பிரெயிலில் அச்சிட்ட தாளைத் தருவார். அதைத் தடவிப் படித்து, நமக்கு வேண்டிய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, உள்ளே போய் அதே எண்ணைத் தேடி அமுக்க வேண்டும். நீளமாக ஒரு பீப் சத்தம் வரும். அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டதும் நான் நகரவே இல்லை, "முடிஞ்சதும்மா, வாங்க" என்று வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். 48 வயதில் முதல்முறையாக என் ஓட்டு என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

இப்படித் தனியாகப் போடுவதற்கும் பல தடவை வாதாட வேண்டியிருந்தது. பார்வை இல்லை என்றதும் "துணைக்கு ஆள் எங்கே" என்றுதான் கேட்பார்கள். தேர்தல் நடத்தும் விதிகளில் 49என் என்ன சொல்கிறது என்றால், உதவி இல்லாமல் சின்னத்தை அடையாளம் காணவோ பட்டனை அமுக்கவோ முடியாதவர் துணையாளை அழைத்துப் போகலாம். நான் முடியும் என்கிறேனே! அப்புறம் என்னத்துக்குத் துணை? பிரெயில் தெரியாதவர்களும் நிறையப் பேர் உண்டு, குறிப்பாகச் சர்க்கரையில் ஐம்பது வயதுக்கு மேல் பார்வை போனவர்கள். அவர்களில் சிலர் பட்டனை மேலிருந்து எண்ணியே போட்டுவிடுவார்கள். துணை வேண்டும் என்பவர்களுக்கும் அது உரிமைதான். துணையாளுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒருவர் ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம், யாரை அழைத்துப் போவது என்று முடிவு செய்வது வாக்காளர்தான்.

இனி 2021. கொரோனா பயம். அண்ணன் மகள் ஆசையாக 12டி வாங்கி வந்தாள், நானும் கையெழுத்துப் போட்டேன். மார்ச் கடைசியில் குழு வந்தது. நல்ல மனிதர்கள், ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. சீட்டைக் கையில் கொடுத்தார்கள். தடவிப் பார்த்தேன். வழவழ என்று வெறும் தாள். ஒரு புள்ளி இல்லை, ஒரு பள்ளம் இல்லை. "யாராவது உதவி செய்யட்டும்" என்றார்கள். அண்ணன் மகளின் கணவர் பேனாவோடு வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பத்து. அலுவலர்கள், காவலர், கேமராக்காரர், வாசலில் ஏஜெண்டு ஒருவர், பக்கத்து வீட்டு அம்மா. அவர்களுக்கு நடுவில் நான் வாய் திறந்து பெயரைச் சொல்ல வேண்டும். அட்டை வைத்து மறைத்தார்கள். சீட்டை மறைக்கலாம், குரலை எதை வைத்து மறைப்பது? மெதுவாகத்தான் சொன்னேன். "என்னங்க அத்தை, சரியாக் கேட்கல" என்றார் அவர். இரண்டாவது முறை சொன்னேன்.

பத்து வருடமாக என்னிடம் இருந்தது அன்றைக்கு என் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் தப்புச் செய்யவில்லை என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வாக்குச்சாவடிகள் மட்டும் அல்ல, தேர்தல் சம்பந்தப்பட்ட எல்லாப் பொருட்களும் எங்களுக்கு எளிதில் புரியும்படியும் பயன்படும்படியும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தபால் சீட்டும் அதில் சேர்த்திதானே? அமெரிக்காவில் பல மாநிலங்களில் பார்வையற்றவர்கள் வீட்டில் கணினியில் சீட்டைத் திறந்து, திரைவாசிப்பான் படிப்பதைக் கேட்டு, தாங்களே குறித்து அச்சிட்டு அனுப்புகிறார்கள். இங்கே அவ்வளவுகூட வேண்டாம். துளைகள் போட்ட ஒரு அட்டை, அதன் ஓரத்தில் பிரெயில் எண், சீட்டை அதற்குள் செருகினால் பேனா வைக்க இடம் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்துவிடுவான். பூத்திலும் ஒரு குறை இருக்கிறது: பக்கத்துப் பெட்டியில் 7 வினாடி தெரிகிற சீட்டை எல்லோரும் பார்த்து, தன் ஓட்டு சரியாக விழுந்ததா என்று உறுதி செய்துகொள்கிறார்கள். எனக்கு அந்த பீப் ஒன்றுதான்.

இந்த முறை நான் 12டி வாங்கவில்லை. பி.எல்.ஓ. இரண்டு தடவை வந்து கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

---

மலையடிவாரம் | 19 மார்ச் 2024

டீச்சர், நீங்கள் கேட்டது சரிதான். அக்காவிடம் கேட்கவில்லை. அவளுக்குக் கஷ்டம் இல்லாமல் இருந்தால் போதும் என்று மட்டும் நினைத்தேன். உங்கள் பதிவை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "போனைக் கொடு, நானே எழுதுறேன்" என்றாள்.

---

மலையடிவாரம் | 20 மார்ச் 2024

நான் அக்கா எழுதுகிறேன். தம்பியின் கணக்கிலிருந்துதான் எழுதுகிறேன். கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு எழுதுவதால் நேரம் ஆகும், ராத்திரியும் கொஞ்சம் எழுதினேன்.

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்தபோது என்னைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. ஆனால் எனக்கு எல்லாம் தலைகீழாக நடந்தது. நீங்கள் பூத்தில் பெற்றதை நான் பூத்தில் விட்டேன்.

தம்பி சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. எனக்குத் தோள்தான் தூக்காது. விரல்கள் நன்றாக இருக்கின்றன. மடியில் பலகை வைத்து முழங்கையை ஊன்றிவிட்டால் எழுதுவேன், துணியில் பூவேலைத் தையல் போடுவேன், பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டுத் தருவேன். மிஷின் மட்டும் எட்டாது. மேஜையை இறக்கி வைக்கச் சொல்லிக் கேட்டோம், ஒயர் எட்டாது, பின்னால் வரிசை நிற்கிறது என்றார்கள். அதனால் தம்பி அமுக்கினான். நான் எண்ணைச் சொன்னேன். அவனுக்குத் தெரியும், அவன் மனைவிக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் 2021இல் சொல்ல வாய் திறந்தபோது, நான் நினைத்திருந்ததை மாற்றித் தம்பிக்குப் பிடித்ததைச் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன்தான் என்னைக் குளிப்பாட்ட நாற்காலியிலிருந்து தூக்குகிறான், அவன்தான் மாத்திரை வாங்கி வருகிறான். இதை அவனிடம் இன்றைக்குத்தான் சொன்னேன்.

தாளும் பேனாவும் என் மடிக்கு வரும் என்றால் நானே போடுவேன். அதனால் 12டியில் கையெழுத்துப் போடுகிறேன். வெயிலுக்காகவும் மணலுக்காகவும் போடுவதாகத் தம்பி நினைத்தான். அதற்காக இல்லை.

கரும்பலகை சாருக்கு ஒரு கேள்வி: அறைக்குள் நான் மட்டும் இருக்கலாமா? நான் குறிக்க நேரம் ஆகும். அவசரப்படுத்துவார்களா?

---

கரும்பலகை | 20 மார்ச் 2024

இருக்கலாம் அம்மா. உங்களால் குறிக்க முடியும் என்னும்போது துணையாள் தேவையே இல்லை. வந்ததும் முதல் வார்த்தையாகவே "நானே போடுவேன், எனக்கு நேரம் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். அலுவலர்கள் நடுங்குகிற கையைப் பார்த்தாலே உதவிக்கு ஆளைத் தேடுவார்கள், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் பேனாவைப் பிடிக்கவே இரண்டு நிமிடம் எடுத்தார், நான் அவர் மகனைக் கூப்பிட்டேன். இப்போது நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்த வீடு ஞாபகம் வருகிறது. அன்றைக்கு எங்களுக்குப் பதினேழு வீடு. பொறுத்திருந்திருக்க வேண்டும்.

---

வேப்பமரத்தடி | 21 மார்ச் 2024

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 22 வயது, அறிவுசார் குறைபாடு, 60 சதவீதம். பட்டியலில் பெயர் இருக்கிறது. போன முறை பூத் வாசலில் இருந்த ஒருவர் "இவனுக்கெல்லாம் எதுக்கு ஓட்டு" என்று சொன்னதில் திரும்பி வந்துவிட்டோம். அவனுக்கு உரிமை உண்டா இல்லையா?

---

கரும்பலகை | 21 மார்ச் 2024

உண்டு. மனநிலை சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டுமே பட்டியலில் இடம் இல்லை. மருத்துவச் சான்றிதழோ சதவீதமோ காரணம் ஆகாது. பட்டியலில் பெயர் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, போதும். யாராவது தடுத்தால் நேராகத் தலைமை அலுவலரிடம் பேசுங்கள். சின்னங்களைப் படமாகக் காட்டி இப்போதிருந்தே பழக்குங்கள், உள்ளே போனதும் தடுமாற மாட்டான். 40 சதவீதத்துக்கு மேல் என்பதால் 12டியும் கொடுக்கலாம், எது வேண்டும் என்று அவனையே கேளுங்கள்.

---

வெண்கோல் | 19 ஏப்ரல் 2024, மாலை

போட்டுவிட்டு வந்தேன். எங்கள் தொகுதியில் இந்த முறை 54 வேட்பாளர்கள், நோட்டாவோடு 55. நான்கு மிஷின்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பிரெயில் தாளே ஒரு சின்னப் புத்தகம் போல இருந்தது, படிக்கவே நேரம் பிடித்தது. தலைமை அலுவலர் ஓர் இளம்பெண். "அம்மா, உங்களுக்குத் துணை வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப நாலு மிஷின் எப்படி வச்சிருக்குன்னு முதல்லயே சொல்லிடுறேன்" என்று இடமிருந்து வலமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக வாதாடாமல் உள்ளே போனேன். எந்த மிஷின் என்று இரண்டு தடவை எண்ணினேன். பீப் வந்தது.

தம்பி, உங்கள் அக்கா என்ன ஆனார்? ஏப்ரல் பிறந்ததிலிருந்து அவர் நினைப்பாகவே இருந்தேன்.

---

மலையடிவாரம் | 20 ஏப்ரல் 2024

டீச்சர், சொல்லாமல் விட்டதற்கு மன்னியுங்கள். தேர்தல் முடியட்டும் என்று அக்காதான் நிறுத்தி வைத்தாள்.

ஏப்ரல் 10, புதன்கிழமை வந்தார்கள். முதல் நாளே போன் செய்து பதினொரு மணி என்றார்கள், பன்னிரண்டாகிவிட்டது. இரண்டு அலுவலர்கள், ஒரு பெண் காவலர், கேமராவோடு ஒரு பையன். இரண்டு கட்சிகளிலிருந்து ஏஜெண்டுகள், இரண்டு பேருமே என்னோடு பள்ளியில் படித்தவர்கள். அவர்களை வேலி ஓரத்துப் புங்க மரத்தடியில் நிற்க வைத்தார்கள்.

அக்கா மடியில் தலையணை, அதன்மேல் என் மகனின் பரீட்சை அட்டை. அதன்மேல் அவர்கள் கொண்டுவந்த மறைப்பு அட்டையை நிறுத்தினால் சாய்ந்து விழுந்தது. பெரிய அலுவலர் இரண்டு பக்கமும் என் மனைவியின் தையல் டப்பாவையும் அரிசி அளக்கிற படியையும் முட்டுக் கொடுத்து நிறுத்தினார். கரும்பலகை சார் சொன்னபடி அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள், "நானே போடுவேன், நேரம் ஆகும்" என்று. அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போனேன். அப்பாவைத் திண்ணைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன், அவருக்குக் காது மந்தம், உள்ளே இருந்தால் என்ன என்று முனகினார். நான் தெருக் குழாயடிக்குப் போய் இரண்டு குடம் பிடித்தேன். பதினான்கு நிமிடம் ஆயிற்று. நடுவில் மனைவி ஜன்னல் வழியாக "அண்ணி, ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். "வேணாம், நீ போ" என்றாள் அக்கா.

கூப்பிட்டதும் உள்ளே போனேன். சின்னக் கவர் ஒட்டியாகிவிட்டது. அக்கா அலுவலரிடம் 13ஏவில் உள்ள எண்ணையும் 13பியில் உள்ள எண்ணையும் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தார். "டீச்சர் வேலை பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டார் அவர்.

நேற்று அப்பாவைப் பூத்துக்குக் கூட்டிப் போனேன். சக்கர நாற்காலி வைத்திருந்தார்கள், அவர் அதில் உட்கார மாட்டேன் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மணல் இந்தத் தடவையும் அங்கேயேதான் கிடக்கிறது. தலைமை ஆசிரியரிடம் சொல்லி, ஊராட்சியில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அக்கா போகாவிட்டாலும் அந்த வழியில் போகிறவர்கள் இன்னும் மூன்று பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா சத்தமாகக் கேட்டார், "நீ யாருக்கும்மா போட்ட?" என்று. நானும் மனைவியும் நிமிர்ந்து பார்த்தோம். அக்கா மோர் ஊற்றச் சொல்லித் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள், ஒன்றும் சொல்லவில்லை.